திருகிப் பார்த்த கம்பி

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்டத் தொடங்கினோம். அத்திவாரத்துக்குள் மணல் நிரப்பி, தண்ணீர் ஊற்றி, மரக்கட்டையால் இடித்து இறுக்கியது நானும் மனைவியும்தான். மூன்று கிழமை, இருபத்தோரு நாள் வேலை. மணல் இறுகிவிட்டதென்று வீட்டுத் திட்டக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வருகிற அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் தளம் போடச் சீமெந்து கிடைக்கும்.

வந்தவர் கைப்பிடி வைத்த இரும்புக் கம்பியை மணலில் ஊன்றி, இரண்டு கையாலும் திருகினார். முழங்கை ஆழம் இறங்கிவிட்டது.

"பாத்தீங்களா, லூசா கெடக்கு. எல்லாத்தையும் அள்ளிட்டு மறுபடி போடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சேர், திருகாம நேரா அமுக்கிப் பாருங்க."

"நீங்க எத்தனையாம் ஆண்டு வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சு."

"அப்ப அஞ்சாம் ஆண்டுகிட்டத்தான் நான் பாடம் படிக்கணும்."

கூட வந்த டிரைவர் சிரித்தார்.

நான் லயத்து அறைக்குள் போய், சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி குத்துகிற மணல் கிண்ணத்தை இரண்டு ஊதுபத்திக் குச்சிகளோடு தூக்கி வந்தேன். சாமி பொருளை வழக்குக்குக் கொண்டு வரலாமா என்பதுபோல மனைவி பார்த்தாள். பொய் சொல்ல நான் அதைத் தூக்கவில்லை, முருகனுக்குத் தெரியும்.

ஒரு குச்சியை அவரிடம் நீட்டினேன். "இதுல நேரா குத்துங்க சேர்."

குச்சி முறிந்தது.

"இப்ப மத்த குச்சிய விரல்ல உருட்டிக்கிட்டே எறக்குங்க."

இறங்கி நின்றது.

உருட்டினாலும் திருகினாலும் மணல் விலகி வழி விடும். நேராக அமுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எதிர்க்கும். தினமும் சாமி கும்பிடுகிற வீட்டில் எல்லார் கைக்கும் தெரிந்ததுதான். அது அவருக்குத் தெரியாமல் போனது குற்றமில்லை. தெரிந்தவன் சொன்னபோது படிப்பைக் கேட்டாரே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பியை வேறிடத்தில் ஊன்றி நேராக அமுக்கினார். உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்தும் நான்கு விரலுக்கு மேல் இறங்கவில்லை. கம்பியை என்னிடம் நீட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மனைவி கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார்.

அப்போது சரிவில் கீழே இருந்த துண்டு நிலத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. புருஷனை இழந்த அக்கா ஒருவர், முந்தின நாள் இதே அதிகாரி சொல்லிவிட்டுப் போனபடி, தன் அத்திவாரத்து மணலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக்கா மணலையும் திருகித்தானே பாத்தீங்க?"

"அது முடிஞ்ச விசயம்."

"பாதி இன்னும் உள்ளதான் சேர் கெடக்கு. வாங்க, நேரா அமுக்கிப் பாப்போம்."

"எனக்கு நேரமில்ல."

கம்பி என் கையில்தான் இருந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கம்பியை விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போக முடியாதே, அவரும் பின்னால் வந்தார்.