பிறை பார்க்க நின்ன மாடியில



மஃரிப் தொழுதுட்டு, பெருநாள் பிறை பார்க்க அலுவிகாரையில இருக்கிற எங்க வீட்டு மாடியில ஏழு பேர் மேற்கே பார்த்து நின்னோம்.

திடீர்னு எதிர் வீட்டுச் சுவர் பச்சையா பளிச்சுன்னு ஆச்சு. எங்க நிழல் ஏழும் அதுல விழுந்து ஓடுச்சு.

திரும்பினா, பெரிய நெருப்புக் கட்டி ஒண்ணு சத்தமே இல்லாம வானத்தைக் கடந்து, ரெண்டா உடைஞ்சு அணைஞ்சது.

மாமி அப்படியே தரையில உட்கார்ந்து கலிமா சொன்னாங்க. "ட்ரான்ஸ்ஃபோமர் வெடிச்சிடுச்சா?"ன்னாரு மச்சான்.

அப்பதான் பள்ளிவாசல் இமாம் போன் பண்ணாரு. "பிறை கண்டீங்களா?"

"ஹஸ்ரத், வானத்துல என்னமோ எரிஞ்சு போச்சு!"

"அதை விடுங்க. பிறை?"

மேற்கே பார்த்தா, மேகம் மூடிக் கிடக்கு.

நீங்க யாராவது பிறையைப் பார்த்தீங்களா? சீக்கிரம் சொல்லுங்க. நாளைக்கே பெருநாள்னா வட்டிலப்பம் செய்யணும், அதுக்கு முட்டையை உடைக்கிறதா வேணாமான்னு மாமி கேட்டுட்டு நிக்கிறாங்க.