எட்டுப் பொன்கம்பிகளோடு குச்சவெளிக்கு

கடந்த பங்குனியில், திருகோணமலைக்கு வடக்கே உள்ள குச்சவெளிக்குப் போனேன். அங்கே பௌதிகவியல் படிப்பிக்கும் என் தோழி நிரோசா, உயர்தர மாணவர்களுக்கு என் ஆய்வைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தாள். கைப்பையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள், எங்கள் ஆய்வுகூடம் ஏழு மாதம் பாடுபட்டுச் செய்த ஒரே நல்ல மாதிரி. அடுத்த வாரம் பெங்களூரில் அதை அளக்க வேண்டும். விடுதி அறையில் விட்டுவர மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு ஒட்சைட்டுகள், இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. ஒன்றின்மேல் மற்றதைச் சில அணு அடுக்குகள் மட்டும் வளர்த்தால், இரண்டும் தொடும் இடத்தில் மின்சாரம் ஓடும். தனிப்பூச்சியத்துக்கு, அதாவது மைனஸ் 273 பாகைக்கு, மிக அருகே குளிரவைத்தால் தடையே இல்லாமல் ஓடும். அந்த நிலைக்குப் பெயர் மீகடத்துதிறன். என் பெட்டியில் இருந்தது அப்படி வளர்த்த ஒரு சில்லு. அளப்பதற்காக அதில் தலைமயிரைவிட மெல்லிய எட்டுப் பொன்கம்பிகளை ஒட்டியிருந்தோம். விரல் பட்டாலே அறுந்துவிடும்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தங்கினால் பஸ் நிலையம் பத்து நிமிட நடைதான். காலை 7.20 பஸ், 33 கிலோமீற்றர், 180 ரூபா. சாம்பல்தீவில் ஏறிய, பக்கத்துச் சல்லிக் கிராமத்துப் பெண் ஒருவர் கருவாட்டுக் கூடையோடு என் பக்கத்தில் இருந்தார்.

"மடியில என்ன பிள்ளை, முட்டையே?"

"இல்லையக்கா, ஒரு கல்லு. உடைஞ்சிடும்."

அவர் சிரித்துவிட்டுக் கூடையைத் தள்ளி வைத்தார்.

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் பைகளோடு இறங்கினோம். இளம் சிப்பாய் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கம்பிகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இது என்ன வயர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோனது. அடுத்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. பெட்டியைப் பக்கத்தில் நின்ற சல்லி அக்காவின் கையில் திணித்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றேன். எட்டு வயதில், யுத்த காலச் சோதனைச்சாவடிகளில் பழகியது.

சிப்பாய் ஓரடி பின்னால் போனார். என்னைவிட அவர்தான் பயந்தவர்போல் இருந்தது.

"ஐயோ மிஸ், கை கீழ. கை கீழ," என்றார் அரைகுறைத் தமிழில்.

அக்கா அவரோடு சிங்களத்தில் கதைத்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "பாடத்துக்குக் கொண்டுபோற சாமான் எண்டு சொன்னனான். ஓம் எண்டிட்டார். கையை இறக்கம்மா."

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. சிப்பாய் தொடவே இல்லை; நான் திணித்த வேகம்தான்.

அளப்பதற்கு நான்கு கம்பிகள் போதும். பெங்களூரில் மிச்ச ஆறையும் இணைத்துக் குளிரவைத்தோம். 0.2 கெல்வினில் தடை பூச்சியமானது.

இப்படி ஏதாவது கொண்டுபோகிறவர்களுக்கு: அது என்ன என்று விளக்கும் கடிதம் மூன்று மொழியிலும் வைத்திருங்கள். உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிபோன்ற மூடியுள்ள பெட்டி எடுங்கள், திறக்காமலே காட்டலாம்.

கம்பிகள் எப்படி அறுந்தன என்று ஆய்வுகூடத்தில் கேட்டார்கள். பஸ் குலுக்கியது என்று சொல்லிவிட்டேன். உண்மையை இங்கேதான் எழுதுகிறேன்.