திறக்காத மெயில்கள்

செந்தாமரையின் நைனா கன்னியப்பன் செஞ்சி நெல் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கித்தான் மகளை பி.சி.ஏ. படிக்க வைத்தார். நல்ல வேலை கிடைக்கும்வரை என்று பூபதியின் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தவளுக்கு இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

வேலைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களிடம் மெயில் முகவரி இல்லையென்றால், பூபதி சென்டர் முகவரியையே போட்டுவிடுவார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். "வந்தா சொல்றேன், போம்மா" என்பார். செந்தாமரை கல்லூரியில் இருந்தபோது, நர்சிங் முடித்த தங்கை மதுமதிக்கும் அவர்தான் விண்ணப்பம் போட்டார். மதுமதி மூன்று முறை வந்து கேட்டாள். "ஒண்ணும் வரல." அவள் ஒரு துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள்.

போன ஆடியில் மெயில் பெட்டி நிரம்பி, புதிதாக எதுவும் வராமல் நின்றது. பூபதி முதல்முறையாக பாஸ்வேர்டைக் கொடுத்தார். "எல்லாத்தையும் நம்ம கம்ப்யூட்டர்ல எறக்கிட்டு சர்வர்ல அழிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுது."

எழுதினாள். சர்வரோடு இணைந்து, உள்ளே நுழைந்து, மெயில்களை ஒவ்வொன்றாக வாங்கும் புரோகிராம். தமிழ்த் தலைப்புகள் முதலில் புரியாத எழுத்துக் குவியலாக வந்தன. அதைச் சரிசெய்து, படித்தது, படிக்காதது என்று பிரித்துக் காட்டச் சொன்னாள். அழிக்கும் வரியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

திரையில் வரிசையாகப் படிக்காதவை. நேர்முகத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு. நடுவே க. மதுமதி. மார்ச் பதினொன்று, காலை பத்து மணி. அந்தத் தேதி போய் இரண்டு வருஷத்துக்கும் மேல்.

அவள் திரையைப் பூபதி பக்கம் திருப்பினாள்.

"சார், ஒரு தடவகூட தொறந்து பாக்கலியே!"

"ஒரு நாளைக்கு நூறு வருது. நான் இன்னா பண்றது? அழிச்சிடு, டென்ஷன் பண்ணாத."

"அழிக்க மாட்டேன். எல்லாரும் உங்கள நம்பித்தான போனாங்க?"

"அப்ப நீ நாளைலேந்து வராத."

"இன்னிக்கே கெளம்புறேன். இத முடிச்சிட்டு."

எல்லாக் கடிதங்களையும் அச்சடித்தாள். விண்ணப்பங்களில் இருந்த நம்பர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து போன் போட்டாள். பூபதி கத்திக்கொண்டே இருந்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டகப்பட்டு வள்ளியம்மாளுக்குச் சரிபார்ப்பு நான்கு நாளில் இருந்தது. அவள் அடுத்த பஸ்ஸிலேயே ஓடிவந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். மற்றவர்களில் பலருக்குத் தேதி முடிந்திருந்தது.

வீட்டில் மதுமதி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அழவில்லை. "அந்த மார்ச்சுலகூட நான் அந்தாள் கடைக்குப் போய்க் கேட்டேன்க்கா" என்றாள்.

இப்போது செந்தாமரை பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். விண்ணப்பம் போட வருகிறவருக்கு முதலில் சொந்த மெயில் திறந்து, பாஸ்வேர்டை அவர் கையாலேயே அடிக்க வைக்கிறாள். வள்ளியம்மாளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மதுமதி மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். கடைவீதியில் பூபதி எதிரே வந்து சிரித்தால், செந்தாமரைக்கு இன்றும் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.