பெயர் சொல்லிப் போட்ட கோல்

எங்கள் உதைபந்து அணிக்கு ஏன் பாஸ் கொடுக்கத் தெரியவில்லை என்பதற்கு, நோர்வேயில் நாங்கள் இருந்த ஹவுகன்ஸ்டுவாவின் தகப்பன்மார் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். புல் ஈரமாம். சப்பாத்து சரியில்லையாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பால் குடித்து வளர்ந்தவர்களாம், நாங்கள் புட்டுத் தின்று வளர்ந்தவர்களாம். கோட்டுக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டு இந்த ஆராய்ச்சியெல்லாம் நடக்கும். உள்ளே மூச்சு வாங்க ஓடிய என்னை ஒருவரும் கேட்கவில்லை. பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். எனக்குத்தான் தெரியும். கேட்டிருந்தால் ஒரே வசனத்தில் சொல்லியிருப்பேன்.

பெரியப்பாதான் கோச். அப்பாவின் தமையன். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை ‘கோச் அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைச் சேர்த்து, அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருந்த திடலில் பழக்குவார். வயது பார்ப்பதில்லை, ஓடத் தெரிந்தால் அணியில் இடம். ஆக இளையவள் நான். ஆக மூத்தவன் பெரியப்பாவின் மகன்; வீட்டில் நான் அண்ணா என்று கூப்பிடுவது அவனைத்தான். பந்தைத் தொடுவதற்கு முன்பே பெரியப்பா எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். மைதானத்திலும் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணா என்றால் அண்ணாதான். இந்த நாட்டுப் பிள்ளைகள் வாத்தியாரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்த வருத்தம் எங்களுக்கும் தொற்றிவிடக் கூடாது என்பார்.

நீங்களே சொல்லுங்கள், இது விளையாடுகிற காரியமா? நான் பந்தோடு ஓடுகிறேன். ‘அண்ணா’ என்று கத்துகிறேன். அணியில் என்னைத் தவிர அத்தனை பேரும் அண்ணாமார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருவரும் ஓட மாட்டார்கள். கொஞ்ச நாள் போக, வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று ஒருவருமே திரும்புவதில்லை. இது போதாதென்று, யாருக்குப் பந்து கிடைத்தாலும் ஆக மூத்தவனுக்குத்தான் அதைக் கொடுப்பது, பந்தியில் பெரிய ஆட்களுக்கு முதலில் பரிமாறுவது போல. எதிரணிக்கு இது விளங்க அதிக நேரம் பிடிக்காது. அண்ணாவைச் சுற்றி மூன்று பேர் நின்றால் சரி, எங்கள் ஆட்டம் அதோடு முடிந்தது.

பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியில் எனக்கு இந்தக் கரைச்சல் இல்லை. பெயரைக் கூப்பிட்டால் பந்து காலுக்கு வரும். அதனால் ஒரு சனிக்கிழமை துணிந்து பெரியப்பாவிடம் போய், பெயர் வேண்டாமென்றால் சட்டை நம்பரைச் சொல்லிக் கூப்பிடலாமே என்றேன்.

“நம்பர் சொல்லிக் கூப்பிட நாங்கள் என்ன மறியலிலை இருக்கிற கைதியளோ?” என்றார் பெரியப்பா.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த தகப்பன்மார் எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அந்தக் கோடையில் லோறென்ஸ்கூக்கில் ஒரு போட்டி. அதுவரை நாங்கள் யாருக்கும் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அன்றும் அதே கூத்துத்தான். ஆட்டம் முடியப் போகிற நேரம், பந்து அண்ணாவின் காலில். அவனைச் சுற்றி வழக்கம்போல மூன்று பேர். நானோ கோலுக்கு நேரே தனியாக நிற்கிறேன், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ‘அண்ணா, அண்ணா’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்ப வேண்டியவனும் திரும்பவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெறும் பெயர். பின்னால் அண்ணாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. (அந்தப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எழுதினால் அம்மா இன்றைக்கும் ஏசுவார்.)

அவன் சட்டென்று திரும்பினான். பந்து நேரே என் காலுக்கு வந்தது. அடித்தேன். கோல்.

எங்கள் அணியின் முதல் கோல். கை தட்டியிருக்க வேண்டாமா? தட்டியது எதிரணித் தாய்மார் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டு அமைதி. பெரியப்பா கோட்டைத் தாண்டி உள்ளே நடந்து வந்து, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதா என்று நடுவர் ஓடிவந்து கேட்டார். களைத்துப் போனாள் என்று பெரியப்பா நோர்வேஜிய மொழியில் சொன்னார். நான் களைக்கவில்லை. அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வரும்போது காரில் அண்ணா எனக்காக ஒரு முறை வாய் திறந்தான்.

“அப்பா, அவள் பேர் சொன்னபடியாலைதான் என்னைக் கூப்பிடுறாள் எண்டு தெரிஞ்சது.”

“தெரிஞ்சாலும் நீ திரும்பியிருக்கக் கூடாது” என்றார் பெரியப்பா.

கோல் போட்டவள் குற்றவாளி, பாஸ் கொடுத்தவன் அதற்கு உடந்தை. அண்ணாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு அணியில் இடம் என்று தீர்ப்பும் வந்தது. கேள் பிள்ளை, ஒரு சொல்தானே என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. எதற்காகக் கேட்பது? சனிக்கிழமைகளில் ஜன்னலடியில் நின்று, கீழே அவர்கள் ‘அண்ணா, அண்ணா’ என்று கத்திக் கத்திப் பந்தைத் தொலைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுகை வரும். அழுதுகொண்டே அவர்களைத் திட்டுவேன்.

கோடை விடுமுறை முடிகிற நேரம், புத்தகப் பை வாங்க அம்மாவோடு ஸ்ட்ரோம்மனுக்குப் போனேன். அங்கே கடைகள் நிறைந்த பெரிய கட்டிடம் ஒன்றில் பெரியப்பா துப்புரவு வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். வேலையில் அவரைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். மேல்மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் வேலை அட்டை தொங்க, மீசை முளைத்தும் முளைக்காத ஒரு வெள்ளைக்காரப் பெடியன் அவரைக் கூப்பிட்டான். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். அதுவும் முழுப் பெயர் அவன் வாய்க்குள் அடங்கவில்லை போலும், முன் பாதியை மட்டும். கூடவே இரண்டு விரலால் வா என்று சைகை.

பெரியப்பா உடனே திரும்பினார். துடைக்கிற தடியைச் சுவரோடு சாய்த்துவிட்டுப் படிகளில் ஏறி ஓடினார். எங்கள் திடலில் அவர் ஒருநாளும் ஓடியதில்லை.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. கோடை முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

“பாத்தீங்களோ அம்மா,” என்றேன், “பேர் சொல்லிக் கூப்பிட்டவுடனை பெரியப்பாவே ஓடுறார்.”

பெரியப்பா இறங்கி வருவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த சப்பாத்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு வேண்டியிருந்தது புத்தகப் பை. அதைச் சொன்னேன். அம்மா காதில் வாங்காமல், யாருக்கும் அளவில்லாத ஒரு சப்பாத்தைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டே நின்றார். நான்தான் வென்றேன், அதை ஒப்புக்கொள்ள அம்மாவுக்கும் மனமில்லை என்று அன்று முழுக்கக் கோபத்தோடு இருந்தேன்.