சங்கீதம் சொல்லாத ஃபஹீம்

எகிப்தில் மல்லவி நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது ஃபஹீமின் வேலை. ஆனால் ஊர் அவரை அறிந்தது எங்கள் கோப்துக் கிறிஸ்தவக் கோயிலின் அப்பத்தால்தான். ஞாயிறு பூசைக்கான அப்பத்தை இருபது வருஷமாக அவர்தான் சுட்டார். கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அந்த அடுப்பறைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பெத்லகேம். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வந்து மாவு பிசைவார். கை மாவில் பட்டதிலிருந்து அப்பம் வெந்து முடியும்வரை பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொள்வது நான், மருந்துக்கடை நசீம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவருக்குப் பிறந்த ஒரே மகள் ஈரினி. பத்தொன்பது வயதில், நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதய வால்வு கெட்டுவிட்டது என்றார்கள். அஸ்யூத் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஃபஹீம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஜெபித்தார். மூன்றாம் நாள் மதியம் பிள்ளை போய்விட்டது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அபூனா பிசெந்தியிடம் போனார். அபூனா எங்கள் பாதிரியார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மாவு பிசையறேன், அபூனா. சங்கீதம் மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு."

அபூனா என் பக்கம் கை காட்டினார். "நசீம் சொல்லட்டும். நீ பிசை."

அப்படியே மூன்று வருஷம் போனது. மாவு குறைந்ததில்லை, அப்பத்தின் மேல் குத்தும் சிலுவை முத்திரை கோணியதில்லை. ஆனால் பூசை தொடங்கியதும் வெளியே போய் முற்றத்துச் சுவரில் சாய்ந்துகொள்வார். பூசையில் அந்த அப்பத்தை நற்கருணையாகத் தரும்போது வாங்க மாட்டார்.

"சமைச்சவனே சாப்பிடலைன்னா எங்களுக்கு வயித்தைக் கலக்குது, ஃபஹீம்" என்று முடிவெட்டும் அயாத் ஒருநாள் சீண்டினான்.

"பயப்படாமத் தின்னு. மாவு நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது நான்தான்."



வீட்டில் மனைவி இன்சாஃப் தினமும் மகள் படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றுவாள். "உன்னால எப்படி முடியுது?" என்று ஒருநாள் ஃபஹீம் கேட்டாராம். "என்னாலயும் முடியல, ஈரினி அப்பா. ஏத்திட்டுச் சும்மா நிக்கிறேன். ஒரு வார்த்தை வரமாட்டேங்குது" என்றாளாம். அதை அவரே என்னிடம் சொன்னார். அவள் மட்டும் தேறிவிட்டாள் என்று நினைத்து மூன்று வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் சங்கீதம் சொல்லிக்கொண்டிருக்கையில் பிசைவதை நிறுத்தினார்.

"நசீம், மூணு வருஷமாப் பாக்கறேன், பதினொண்ணு முடிஞ்சதும் பதிமூணுக்குத் தாவுற. நடுவுல ஒண்ணு எங்கடா?"

நான் அடுப்பிலிருந்து திரும்பினேன். இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பாய் என்று கடவுளிடமே கேட்கும் சங்கீதம் அது; எங்கள் கோயில் எண்ணிக்கையில் பன்னிரண்டு, மற்ற பைபிள்களில் பதிமூன்று. "உங்களுக்கு வலிக்குமேன்னு விட்டேன், அண்ணே."

"எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் ஒளிச்சு வச்சிட்டியே."

மாவில் கை புதைந்திருக்க அவரே சொன்னார். கேள்விகள் முடியும்வரை சொன்னார். உம்மை நம்பியிருக்கிறேன் என்று வரும் கடைசிப் பகுதியில் நின்றுவிட்டார். "இது எனக்கு வரல. நீ சொல்லு." நான் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

அந்த வருஷ உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வந்தார். "கோவம் இன்னும் போகல, அபூனா" என்றார்.

"கோவத்தோடயே வா" என்றார் அபூனா.

நற்கருணையை வாங்கிக்கொண்டார். இன்சாஃப் பெண்கள் பக்கத்தில் முக்காட்டால் வாயைப் பொத்தி அழுதாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து ஈரல் நோயில் ஃபஹீம் இறந்தார். கடைசி வாரம் வலியில் துடித்தார். சமாதானமாகப் போனாரா என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அந்தச் சங்கீதத்தின் கடைசிப் பகுதியை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அதை நான் சொல்லி முடிக்கும்வரை, ஒரு ஞாயிறுகூட அவர் எழுந்து போனதும் இல்லை.