ஏற்றத்திலும் இறங்கவில்லை

தேயிலை விலை விழுந்து, கண்டியில் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில்தான் மைதானத்தில் மோட்டார்க் கார் கண்காட்சி வைத்தார்கள். வாங்க ஆளில்லை, பார்க்கத்தான் கூட்டம். அப்பா ரிக்‌ஷா இழுப்பவர். துரைமார் காருக்கு மாறியதில் பாதிச் சவாரி போயிற்று. மீதியைப் பஞ்சம் தின்றது.

"நம்ம சோத்துல கை வச்ச சாமான்ல ஒருக்கா ஏறிப் பாக்கணும்மா" என்றார்.

அவரை ஏற்றாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வாசலில் ஆங்கில நோட்டீஸ் கொடுத்தார்கள். வருகிற எவரும் காரில் வாவியைச் சுற்றி இலவசமாகப் போய் வரலாம் என்றிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். கார் விற்க நின்ற யாழ்ப்பாணத்துக்காரர் அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார்.

"பிள்ளை, இது கார் வாங்கிற ஆக்களுக்கு."

"அப்படி எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

நோட்டீஸை அவர் கையில் வாங்கவில்லை. சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலேயே உரக்க வாசித்தேன். யாரோ கைதட்டினார்கள்.

"சரி, சரி, ஏறுங்கோ."

அவரே ஓட்டினார். வாவிக்கரையில் அப்பா, "ஐயா, அந்த மரத்தடியில குழி, ஓரமா விடுங்க" என்றார்.

"எனக்குத் தெரியும், நீர் சும்மா இரும்."

கார் எங்களைத் தூக்கிப் போட்டது.

மேல் தெருவுக்குத் திரும்பியதும் இயந்திரம் முனகியது. அப்பா பதறிக் கதவைப் பிடித்தார்.

"நிப்பாட்டுங்க ஐயா. ஏத்தம் வந்திருச்சு, நாங்க எறங்கி நடக்கிறோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உதென்ன மாடோ, மூச்சு வாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏற்றத்தில் இறங்கி நடப்பது ரிக்‌ஷாவில் ஏறுகிறவர் இழுப்பவருக்குச் செய்யும் மரியாதை. அப்பாவுக்கு அதைச் செய்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

"சிரிக்காதீங்க. இதே ஏத்தத்துல அப்பா மூச்சு வாங்க இழுத்திருக்காரு. உங்கள மாதிரி ஐயாமாரு சுருட்டுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

அவர் பிடரி சிவந்தது. நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"நீங்க எறங்க வேணாம். உக்காருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். கதவிலிருந்து மெல்லக் கையை எடுத்து, முதுகை இருக்கையில் சாய்த்தார்.

"ஐயா," என்றார், "கொஞ்சம் வெரசா விடுங்க."