அப்பாவுக்கு நான் போட்ட மதிப்பெண்

தலையில் அடிபட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்தில், தருமபுரியில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரியை முடித்ததும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. நோயாளிகளைக் கூட்டிவரும் பிள்ளைகள், எந்தப் புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் மூளை சீக்கிரம் தேறும் என்று கேட்பார்கள். நான் புத்தகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று திருப்பிக் கேட்பேன். இதை நான் கல்லூரியில் கற்றதாக அவர்கள் நினைக்கிறார்கள்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, மாசி மாதத்தில், புளி உலுக்க ஏறிய அப்பா மரத்திலிருந்து விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் மறந்துபோனது.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கும், பெரியப்பாவுக்கும், இறந்துபோன சித்தப்பாவின் மனைவியான சின்னம்மாவுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருவர் முறைக்கு ஐந்து மணி நேரம் தண்ணீர். நடுவில் கரண்டு போனால் விட்டுப்போன நேரத்தை அடுத்த நாள் ஈடுகட்ட வேண்டும். மறுபடி கரண்டு போனால் எல்லாம் தள்ளிப்போகும். இத்தனையையும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் அப்பா தலையிலேயே வைத்திருந்தார். அவர் முறை சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. ஊரில் அவருக்கு இருந்த ஒரே பதவி அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரே வாரத்தில் இரண்டு தடவை எங்கள் கரும்புக்கே தண்ணீரைத் திருப்பிவிட்டார். சின்னம்மாவின் கத்தரிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. பெரியப்பாதான் வீட்டுக்கு வந்தார்.

"ஆடி பொறக்கட்டும் தம்பி. அதுக்குள்ள தேறிட்டியோ, நீயே சொல்லு. இல்லீன்னா முறைய நான் பாத்துக்கறேன்."

"சரிங்ணா" என்றார் அப்பா. அதன்பிறகு கிணற்றுப் பக்கமே போகவில்லை. அதுவரைக்கும் பெரியப்பாவே முறை சொன்னார்.

மூளைக்கு வேலை கொடுங்கள், புதிர், கணக்கு என்று ஏதாவது போடச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆகவே அப்பாவின் மூளை என் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டீக்கடையில் கெஞ்சி வாரப் பேப்பரின் புதிர்ப் பக்கங்களை வாங்கிவந்தேன். எண்களை நிரப்பும் கட்டம், முயல் கேரட்டைச் சேர வழி தேடும் படம், இரண்டு படங்களுக்கு ஆறு வித்தியாசம். தினமும் காலையில் அப்பாவை உட்காரவைத்துச் சிவப்புப் பேனாவால் மதிப்பெண் போட்டேன். கடற்கரையில் ஒருவன் குடை பிடித்து நிற்கிற படத்தை அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இவன் வேல வெட்டி இல்லாம எதுக்கு வெய்யில்ல நிக்கறான்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுப்பா. வித்தியாசம் சொல்லுங்க."

பத்துக்கு இரண்டு போட்டேன். மறுநாள் ஒன்று. அப்பா அந்தத் தாளை எருமையிடம் காட்டி, "பாப்பா என்னைய பெயிலாக்கிருச்சு, நீயாச்சும் படி" என்றார். நான் சிரிக்கவில்லை. சித்திரை வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒருநாள் அம்மாவிடம் போய், அப்பாவுக்கு எதுவுமே வரவில்லை என்று அழுதேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஏம் பாப்பா, உளுவறதுக்கு முன்னாடி மட்டும் உங்கப்பா இந்தக் கட்டத்தயெல்லாம் போட்டுக் கிளிச்சாரா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே பேப்பரையெல்லாம் அடுப்புக்குக் கொடுத்தேன். ஒரு படி புளியங்கொட்டையை எடுத்து வாசலில் உட்கார்ந்தேன். ஒரு கொட்டை ஒரு மணி நேரம். கொட்டைகளை நான் அடுக்குவேன். அடுத்த முறை யாருக்கு என்று அப்பா சொல்ல வேண்டும். முதலில் கரண்டே போகாத இரண்டு நாள். பிறகு மூன்று நாள். பிறகு ஒரு தடவை கரண்டு போகிற மாதிரி. சுலபமாக ஆரம்பித்து மெல்ல மெல்லக் கஷ்டமாக்க வேண்டும் என்பதை எங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

சுலபமாக நடந்துவிடவில்லை. ஒருநாள் அப்பா எல்லாக் கொட்டைகளையும் வாரி வாசலில் இறைத்துவிட்டு எழுந்து போனார். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி அடுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கடைசியில் அப்பா வந்து எதிரில் குந்தினார்.

"கேளுங்க டீச்சரம்மா" என்றார்.

முழுப் பரீட்சை லீவு முழுவதும் கேட்டேன். பள்ளிக்கூடம் திறந்தபின் காலையில் தலை பின்னிக்கொண்டே கேட்டேன். ஆனி பாதியில் ஒருவார முறையைத் தடுமாறாமல் சொன்னார்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் சின்னம்மாவும் வந்தார்கள். நானே பரீட்சை வைத்தேன். திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் கரண்டு இல்லை, புதன்கிழமை மூன்று மணி நேரம் இல்லை. வாரம் முழுவதற்கும் முறை சொல்ல வேண்டும். இந்தத் தடவை கொட்டைகளை அப்பாவே அடுக்கட்டும் என்று தள்ளி உட்கார்ந்தேன்.

அப்பா அவசரப்படவில்லை. பெரியப்பாவுக்கு ஐந்து, எங்களுக்கு ஐந்து, விட்டுப்போனதற்கு ஈடு, எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் சின்னம்மாவின் வரிசை. ஐந்து வைத்தார். கொஞ்சம் யோசித்து ஆறாவது கொட்டை ஒன்றையும் வைத்தார்.

"தப்பு!" என்று கத்தினேன். "அஞ்சுதாம்ப்பா! ஒண்ணு அதிகம்!"

அப்பா அந்தக் கொட்டையை எடுக்கவில்லை. "இருக்கட்டும் கண்ணு" என்றார். சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பெரியப்பா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"இவன் தலைக்கு ஒண்ணும் ஆவல. முறைய இவனே சொல்லட்டும்."

ஒரு தப்புக்காகப் பெரியப்பா கோபித்துக்கொள்ளாதது பெரிய மனசு என்று நினைத்தேன். அப்பாவுக்கு முழு மதிப்பெண் கிடைக்காமல் போனதற்காகத்தான் சின்னம்மா அழுகிறார் என்றும் நினைத்தேன். பத்துக்கு ஒன்பது என்று எழுதி, வட்டம் போட்டு, பெருமையோடு அப்பாவிடம் கொடுத்தேன். அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்லூரி விடுமுறை ஒன்றில்தான், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று, சின்னம்மாவின் காட்டுக்கு முதல் முறையாக நான் தண்ணீர் திருப்பப் போனேன். மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்கால் ஓரமாகத் தண்ணீரோடு நடந்தேன். பெரியப்பாவின் காட்டைத் தாண்டி, எங்கள் கரும்பைத் தாண்டி, அந்த மணல் வாய்க்கால் குடித்துக்கொண்டே இருந்தது. சின்னம்மாவின் முதல் பாத்தியில் தண்ணீர் தலைகாட்டியபோது செல்போனில் மணி பார்த்தேன்.

மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.